அப்கிரேடா? அப்புறம் பார்க்கலாம்!

2023 ஜூலையில ஆரம்பிச்சு 2025 கடைசி வரைக்கும் என் கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன ஜன்னல் அப்பப்போ எட்டிப் பார்க்கும். தண்டர்பேர்டுக்குப் புது வெர்ஷன் வந்திருக்கு, போடட்டுமான்னு கேட்கும். நான் "அப்புறம்"னு அமுக்குவேன். போயிடும். ரெண்டு நாள் கழிச்சு, கடன் கொடுத்தவர் மாதிரி, திரும்ப வாசல்ல வந்து நிக்கும். நான் திரும்பவும் "அப்புறம்".

இத்தனைக்கும் நான் பொட்டி தட்டித்தான் சோறு திங்கிறேன். அடுத்தவங்க சர்வரை ராத்திரி பன்னெண்டு மணிக்கு அப்கிரேட் பண்ணிட்டு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது"ன்னு ஒரு மெயில் தட்டிட்டுத் தூங்கப் போறவன். சொந்த மெயில் பெட்டின்னு வந்தா மட்டும் கை நடுங்குது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்குன்னு சும்மாவா சொன்னாங்க?

நம்மள்ல நிறைய பேர் இதே "அப்புறம்" கேஸ்தான்னு தெரியும். அதனால நான் ஏன் அவ்வளவு நாள் மாத்தாம இருந்தேன், ஏன் கடைசியில மாத்தினேன், எதை இன்னமும் மாத்த மாட்டேன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்கப்பா தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்து ரிட்டையர் ஆனவர். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். 2004-ல நான் பெங்களூர்ல இருந்தேன். அப்போ ஊர்ல புதுசா ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தாங்க. அங்க முரசு அஞ்சல் போட்டு வெச்சிருந்தாங்க. அதுல தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகையும் உண்டுன்னு தெரிஞ்சதும் அப்பாவுக்குக் கொண்டாட்டம். முப்பது வருஷம் தட்டின கை. வாரத்துக்கு ஒரு தடவை வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுப் போய் உட்கார்ந்து எனக்கு ஒரு மெயில் தட்டுவார்.

மெயிலா அது? இன்லேண்டு லெட்டர்! "சிரஞ்சீவி தம்பிக்கு, அநேக ஆசீர்வாதம். இங்கு யாவரும் நலம். கிணற்றில் ஏழு அடி தண்ணீர். எலெக்ட்ரிக் பில் கட்டியாயிற்று. நீ சாப்பாட்டில் அலட்சியம் காட்டாதே." இவ்வளவுதான் இருக்கும். நான் ரெண்டு வரி பதில் போடுவேன். சில வாரம் அதுவும் போட மாட்டேன். ஆணி அதிகம்னு சாக்கு.

2006-ல ஒரு நாள். அப்போ நான் வேற ஒரு மெயில் மென்பொருள் வெச்சிருந்தேன். பேரு எதுக்கு, விடுங்க. "ஃபோல்டரைச் சுருக்கி இடத்தை மிச்சம் பண்ணட்டுமா?"ன்னு கேட்டுச்சு. சரின்னேன். பாதியில கரண்டு போச்சு. யூ.பி.எஸ். கிடையாது. திரும்ப வந்தப்போ இன்பாக்ஸ் காலி. துடைச்சு விட்ட மாதிரி சுத்தமா இருந்துச்சு. அப்பா எழுதின முதல் ரெண்டு வருஷக் கடிதம் அத்தனையும் அதுலதான் இருந்துச்சு. அப்பாவோட வெப்மெயில்ல அனுப்பின மெயிலைச் சேமிக்கிற வசதியை அவர் போட்டு வைக்கவே இல்லை. போனது போனதுதான்.

அப்பா சிரிச்சார். "கிணத்துத் தண்ணி கணக்குத்தானே, போனாப் போகுது தம்பி"ன்னார். 2010-ல அப்பா போயிட்டார்.

அந்தக் கரண்டு கட்டுக்கு அப்புறம்தான் தண்டர்பேர்டுக்கு வந்தேன். அப்போ 1.5 வெர்ஷன். அதுக்கப்புறம் அப்பா எழுதினதுல 171 கடிதம் பத்திரமா இருக்கு. அது இருக்கிற பெட்டியைத்தான் "அப்கிரேட் பண்ணிக்கிறீங்களா?"ன்னு அந்த ஜன்னல் கேட்டுட்டே இருந்துச்சு. இப்போ புரியுதா ஏன் கை நடுங்குச்சுன்னு?

பழசையே வெச்சுக்கிறவங்க கட்சி

முதல்ல எங்க கட்சிக்காரங்களோட நியாயத்தைச் சொல்லிடறேன். அதுல உண்மை நிறையவே இருக்கு.

நான் உட்கார்ந்திருந்தது 102-ல. அது 2022-ல வந்தது. 2023 ஜூலையில 115 வந்துச்சு. சூப்பர்நோவான்னு பட்டப்பேரு. முகத்தையே மாத்திட்டாங்க. பட்டன் எல்லாம் இடம் மாறிப் போச்சு. ஒரு வரிக்கு ஒரு மெயில்னு இருந்த பட்டியலுக்குப் பதிலா கார்டு மாதிரி அடுக்கிக் காட்டுற வசதியும் வந்துச்சு. பதினேழு வருஷமா கண்ணை மூடிட்டே கை போற இடத்துல பட்டன் இல்லைன்னா எப்படி இருக்கும்? ராத்திரி எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போறப்போ யாரோ அடுப்படியை இடம் மாத்தி வெச்ச மாதிரி இருக்கும்.

ரெண்டாவது, துணைநிரல். 2020-ல 78 வந்தப்போ பழைய முறையில எழுதின ஆட்-ஆன் எல்லாம் ஒட்டுமொத்தமா வேலை செய்யாமப் போச்சு. எழுதினவங்க புது முறைக்கு மாத்தி எழுதினா உண்டு, இல்லைன்னா இல்லை. பல பேர் மாத்தலை. பலன்: ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் நம்ம வசதியில ஏதோ ஒண்ணு உதிரும்.

மூணாவதுதான் முக்கியமானது. இது ஒரு வழிப்பாதை. புது வெர்ஷன் ஒரு தடவை நம்ம புரொஃபைலைத் திறந்துட்டா, பிறகு பழைய வெர்ஷன் அதைத் தொடாது. "நீ ஏற்கெனவே புதுசுல திறந்துட்டே, வேணும்னா புது புரொஃபைல் போட்டுக்கோ"ன்னு சொல்லிடும். நம்ம நல்லதுக்குத்தான் அப்படி வெச்சிருக்காங்க. ஆனா "பிடிக்கலைன்னா திரும்பி வந்துக்கலாம்"னு நினைச்சுப் போறவனுக்கு அது அடி.

விசுவாசத்துக்கு ஒரு பழைய உதாரணமும் உண்டு. யூடோரான்னு ஒரு மெயில் மென்பொருள், நம்மள்ல மூத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1988-ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துல ஸ்டீவ் டார்னர் எழுதினது. யூடோரா வெல்டிங்கிற எழுத்தாளர் தபாலாபீஸை வெச்சு ஒரு சிறுகதை எழுதியிருந்தாங்க, அந்த மரியாதைக்கு அவங்க பேரையே வெச்சார். பிற்பாடு அது குவால்காம் கம்பெனி கைக்குப் போச்சு. 2006-ல அவங்க கடையைச் சாத்தறதா அறிவிச்சாங்க. அதுக்கப்புறமும் பல வருஷம் அதையே கட்டிக்கிட்டு அழுதவங்க உண்டு. 2018-ல கலிஃபோர்னியாவுல இருக்கிற கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் அதோட மூல நிரலை வெளியிட்டுச்சு. மியூசியத்துக்குப் போன பிறகும் விடாத பாசம். நக்கல் பண்ணலை, எனக்கு அவங்களை ரொம்பப் பிடிக்கும்.

ஆனா...

இந்த "ஆனா"வுக்கு வர எனக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தெரியுமில்லையா? டிராகன் கதை எழுதினவர். அவர் இன்னமும் டாஸ்ல வேர்ட்ஸ்டார் 4.0 வெச்சுத்தான் எழுதறேன்னு 2014-ல டி.வி.யில சொன்னார். பழசுக் கட்சிக்காரங்க எல்லாரும் இதை மேற்கோள் காட்டுவோம். "அவரே மாத்தலை, நாம எதுக்கு?" ஆனா அவர் சேர்த்துச் சொன்னதை நாம விட்டுடுவோம். அந்தக் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டோட சேரவே சேராது. இணையத்துக்கு அவர் வேற கம்ப்யூட்டர் வெச்சிருக்கார்.

அதான் வித்தியாசம். எழுதற மென்பொருள் எவ்வளவு பழசா இருந்தாலும் சரி. கதவைச் சாத்திட்டு உள்ளே உட்கார்ந்து எழுதலாம். மெயில் மென்பொருளோட வேலையே கதவைத் திறக்கிறதுதான். முன்னப்பின்ன தெரியாதவன் அனுப்பினதையும் வாங்கி, பிரிச்சு, படம் போட்டுக் காட்டறது அதோட பிழைப்பு. வாசல்ல நிக்கிற வாட்ச்மேனுக்குக் கண் தெரியலைன்னா, "பாவம் ரொம்ப நாளா இருக்கார்"னு விட முடியுமா?

2000 மே மாசம் "ஐ லவ் யூ"ன்னு தலைப்புப் போட்டு ஒரு மெயில் உலகத்தையே சுத்துச்சு, ஞாபகம் இருக்கும். காதல் கடிதம்னு நினைச்சு அட்டாச்மென்ட்டைத் திறந்தவங்க முகவரிப் புத்தகத்துல இருக்கிற எல்லாருக்கும் அது தானா போச்சு. அதாவது அப்போ நாம திறந்தாத்தான் வினை. 2023 மார்ச்ல மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைச்சாங்க. விண்டோஸ் அவுட்லுக்ல இருந்தது. வில்லங்கமா செஞ்ச ஒரு நினைவூட்டல் மெயில் வந்து சேர்ந்தாலே போதும், நாம அதைத் திறந்துகூடப் பார்க்க வேணாம், நம்ம லாகின் தகவலோட ஒரு பங்கு வெளியில போயிடும். "நான் தெரியாதவங்க மெயிலைத் திறக்கவே மாட்டேன்"னு சொல்றவங்களுக்கும் அதுல தப்பிக்க வழியில்லை. பேட்ச் போட்டவங்க தப்பிச்சாங்க.

தண்டர்பேர்டும் இதுக்கு விதிவிலக்கு இல்லை. ஒவ்வொரு வெளியீட்டோடும் இன்னின்ன பாதுகாப்புக் குறை சரி பண்ணியிருக்கோம்னு பட்டியல் போடுவாங்க. நான் வெச்சிருந்த 102-க்கு 2023-லயே அந்தத் திருத்தம் வர்றது நின்னு போச்சு. அதுக்கப்புறம் வந்த பட்டியல் ஒவ்வொண்ணும், பழசு வெச்சிருக்கிறவன் வீட்டுல எந்தச் சுவர்ல ஓட்டைன்னு ஊருக்குச் சொல்ற நோட்டீஸ்தான்.

இன்னொண்ணு, நாம மாறாம இருந்தாலும் எதிர்ப்பக்கம் மாறிடும். வெறும் பாஸ்வேர்டை மட்டும் வாங்கிட்டு உள்ள விடுற பழைய முறையை ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. ஜிமெயில் சொந்தக் கணக்குகளுக்கு 2022 மே 30-ஓட நிறுத்துச்சு. (ரெண்டு படிச் சரிபார்ப்பு போட்டு, செயலிக்குன்னு தனிப் பாஸ்வேர்டு வாங்கினா இன்னும் வழி இருக்கு.) மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர்லேர்ந்து கம்பெனிக் கணக்குகள்ல படிப்படியா நிறுத்தினாங்க.

எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தர் சிவகாசியில அச்சாபீஸ் வெச்சிருக்கார். எந்தக் காலத்திலயோ போட்ட மெயில் மென்பொருள். ஒரு நாள் காலையில அது பாஸ்வேர்டு கேட்டுச்சு. அடிச்சார். திரும்பக் கேட்டுச்சு. திரும்ப அடிச்சார். சாயந்திரம் வரைக்கும் இதே. "எவனோ என் பாஸ்வேர்டை மாத்திட்டான்டா"ன்னு போன் பண்ணினார். யாரும் மாத்தலைண்ணே, உலகம் பூட்டை மாத்திடுச்சுன்னு சொன்னா புரிஞ்சுக்க மாட்டேங்கிறார். தீபாவளி சீசன் ஆர்டர் மெயில் பூரா உள்ள வராம நின்னுச்சு. அவசரத்துல, பேக்கப் எடுக்கக்கூட நேரமில்லாம, ஒரே ராத்திரியில மாத்த வேண்டியதாப் போச்சு.

நாமளா நேரம் பார்த்து மாறலைன்னா, ஒரு நாள் நேரம் காலம் தெரியாம மாற வெச்சுடுவாங்க. இது அன்னிக்குக் கத்துக்கிட்டது.

தங்கமணி கேட்ட கேள்வி

இவ்வளவும் தெரிஞ்சும் நான் "அப்புறம்" அமுக்கிட்டேதான் இருந்தேன். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சுது. அந்த வாரம் தங்கமணியோட பேசிட்டிருந்தப்போ, வேற கம்ப்யூட்டர் வாங்கணும்னேன். ஆனா இதை மட்டும் தொட மாட்டேன், அப்பா கடிதம் இருக்குன்னேன்.

தங்கமணி காய் நறுக்கிட்டே கேட்டாங்க. "அந்த 171 கடிதமும் எத்தனை இடத்துல இருக்கு?"

"ஒரே இடத்துல. இந்தக் கம்ப்யூட்டர்ல."

"அந்த ஹார்ட் டிஸ்க் வாங்கி எத்தனை வருஷம்?"

"...எட்டு."

"அப்போ நீங்க பத்திரமா வெச்சிருக்கீங்கன்னு யார் சொன்னா?"

ஆடிப் போயிட்டேன். பதினாறு வயசுப் பையன் கேட்டிருந்தாக்கூட சமாளிச்சிருப்பேன்.

உண்மையா யோசிச்சுப் பார்த்தா, 2006-ல என் கடிதத்தைத் தின்னது அப்கிரேடே இல்லை. அன்னிக்கு நான் எதையுமே அப்கிரேட் பண்ணலை! கரண்டு போச்சு, என்கிட்ட நகல் இல்லை. அவ்வளவுதான். ஆனா சூடு பட்ட பூனை பால்சட்டியைப் பார்த்தாலே ஓடற மாதிரி, "மெயில் மென்பொருளைத் தொட்டா மெயில் போயிடும்"னு ஒரு பயத்தை வளர்த்துக்கிட்டு, அதுக்குப் "பழசுதான் பத்திரம்"னு கொள்கைச் சட்டை போட்டுவிட்டிருந்தேன். அந்தப் பயத்துக்கு மருந்து நகல் எடுக்கிறது. அதை மட்டும் பத்தொம்பது வருஷம் செய்யலை.

பண்ணின கதை

ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தேன்.

1. தண்டர்பேர்டை மூடிட்டு புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நகல், பென் டிரைவுக்கு ஒரு நகல். உதவி மெனுவுல "சிக்கல் தீர்க்கும் தகவல்"ங்கிற பக்கத்துக்குப் போனா அந்த ஃபோல்டர் எங்க இருக்குன்னு காட்டும். ஆயிரத்தெட்டு விஷயம் உள்ள இருக்கும், எது வேணும் எது வேணாம்னு யோசிக்காதீங்க. மொத்தமா அள்ளுங்க.

2. உள்ள இருக்கிற கடித ஃபைல் ஒண்ணை நோட்பேடுல திறந்து பார்த்தேன். இதைத்தான் முதல்லயே பண்ணியிருக்கணும். தண்டர்பேர்டு வழக்கமா எம்பாக்ஸ்ங்கிற முறையில சேமிக்குது. ஒரு ஃபோல்டருக்கு ஒரு ஃபைல். அதுக்குள்ள ஒரு மெயிலுக்குக் கீழ அடுத்த மெயில்னு வரிசையா, சாதா எழுத்தா கிடக்கு. தண்டர்பேர்டே நாளைக்கு இல்லாமப் போனாலும் அதைப் படிக்கலாம். பக்கத்துல இருக்கிற இன்னொரு ஃபைல் வெறும் அட்டவணை. கெட்டுப்போனா அதுவே திரும்பப் போட்டுக்கும். வெர்ஷன் மாறும்போது இந்தக் கடித ஃபைலை அவங்க மாத்தி எழுதறதில்லை.

3. பழைய லேப்டாப் ஒண்ணுல புது 140 வெர்ஷனைப் போட்டு, நகலை அங்க திறந்தேன். அசல்ல கை வைக்கலை.

திறந்தேன்... நெஞ்சு நின்னுடுச்சு. அப்பா கடிதம் அத்தனையும் கொம்பு முளைச்ச ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமா இருக்கு. "பார்த்தியா, சொன்னேன்ல!"ன்னு உள்ளுக்குள்ள ஒருத்தன் துள்ளிக் குதிக்கிறான். அரை மணி நேரம் புது வெர்ஷனைத் திட்டித் தீர்த்தேன்.

அப்புறம் உறைச்சுது. அப்பா எழுதினது திஸ்கியில. (டிஸ்கி இல்லீங்க, திஸ்கி! யூனிகோடுக்கு முன்னாடி நாம எல்லாரும் கட்டிக்கிட்டு மாரடிச்ச எழுத்துமுறை.) அதுல தமிழ் எழுத்து தெரியணும்னா அதுக்குன்னு உள்ள ஃபான்ட் வேணும். என் பழைய கம்ப்யூட்டர்ல இணைமதி ஃபான்ட் 2006-லயே போட்டிருந்தேன். லேப்டாப்ல அது கிடையாது. ஃபான்ட்டைப் போட்டு, தண்டர்பேர்டு அமைப்புல லத்தீன் எழுத்துக்கு அந்த ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். அப்பா திரும்ப வந்துட்டார். "சிரஞ்சீவி தம்பிக்கு..."

புது வெர்ஷன் மேல ஒரு தப்பும் இல்லை. அப்பா பழசையே வெச்சிருந்ததோட விலை அது. 2007-லயே நான் அவரை யூனிகோடுக்கு மாறச் சொன்னேன். பிரவுசிங் சென்டர்காரரும் எக்ஸ்.பி. போட்டிருந்தார், மாறியிருக்கலாம். "கை பழகிடுச்சு தம்பி, இப்போ எதுக்கு?"ன்னார். நானும் விட்டுட்டேன். பதினெட்டு வருஷம் கழிச்சு, ஒரு ஃபான்ட் ஃபைல் இல்லைன்னா அப்பாவே இல்லைங்கிற நிலைமை. மாறாம இருக்கிறதுக்குச் செலவே கிடையாதுன்னு நினைக்கிறோம். உண்டு. பில் நம்ம பேருக்கு வராம, பின்னாடி வந்து படிக்கிறவன் பேருக்குப் போகும்.

4. அதனால அத்தனையையும் யூனிகோடுக்கு மாத்தினேன். இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்.ஜி.ன்னு ஒரு துணைநிரல் இருக்கு. மெயிலைத் தனித்தனி ஃபைலா வெளியே எடுத்துக் கொடுக்கும். அப்புறம் என்.எச்.எம். கன்வர்ட்டர். நம்ம பழைய ஆளுங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. நாலு ராத்திரி ஆச்சு. ஒவ்வொண்ணா சரிபார்த்தேன். அசல் திஸ்கி ஃபைலையும் தனியா வெச்சிருக்கேன், ஃபான்ட்டோட சேர்த்து.

5. ஒரு வாரம் லேப்டாப்ல ஓட்டிப் பார்த்த பிறகு அசல்ல அப்கிரேட். மொத்தம் ஆறு நிமிஷம். ரெண்டு வருஷத்துக்கு மேல தள்ளிப்போட்ட வேலைக்கு ஆறு நிமிஷம்! புது முகம் ரெண்டு நாள் எரிச்சலா இருந்துச்சு. கார்டு வேணாம்னா பழையபடி வரிசைப் பட்டியலாவே வெச்சுக்கலாம்னு மூணாவது நாள் கண்டுபிடிச்சேன். ஹிஹி.

எல்லாத்துக்கும் தலையாட்டணுமா?

கூடாது. இங்கதான் "எது வந்தாலும் உடனே போட்டுடணும்"னு சொல்ற கட்சியோட எனக்குச் சண்டை.

அப்கிரேட்னு ஒரே பேர்ல மூணு விதமான சரக்கை நம்மகிட்ட நீட்டறாங்க.

ஒண்ணு, ஓட்டை அடைக்கிறது. சின்ன எண் மட்டும் மாறும். யோசிக்கவே வேணாம், உடனே போடுங்க.

ரெண்டு, பெரிய வெர்ஷன். முகம் மாறும், துணைநிரல் உடையும். நகல் எடுத்துட்டு, மாசம் ரெண்டு மாசம் பொறுத்துப் போடலாம். ஆனா பழசுக்குத் திருத்தம் வர்றது நிக்கிறதுக்கு முன்னாடி போட்டுடணும். தண்டர்பேர்டுல 2025 மார்ச்லேர்ந்து மாசாமாசம் வர்ற வெளியீட்டைத்தான் முதன்மையா வெச்சிருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை முகம் மாறினாப் போதும்கிறவங்களுக்கு நீண்டகால ஆதரவுப் பதிப்புன்னு தனியா உண்டு. நான் எடுத்தது அதைத்தான். விண்டோஸ் 7, 8 வெச்சிருக்கிறவங்களுக்கு 115-தான் கடைசி. அவங்க கம்ப்யூட்டரையே மாத்தறதைப் பத்தித்தான் யோசிக்கணும்.

மூணாவது விதம்தான் ஜாக்கிரதையா இருக்க வேண்டியது. பேரு அப்கிரேட், நடக்கிறது வீடு மாத்தறது. விண்டோஸ்ல கூடவே வந்த மெயில் செயலியோட ஆதரவை 2024 டிசம்பர் 31-ஓட முடிச்சுட்டு, எல்லாரையும் புது அவுட்லுக்குக்குப் போகச் சொன்னாங்க. அது பழசோட அடுத்த வெர்ஷன் இல்லை, அமைப்பே வேற. அதுல நம்ம மத்த கம்பெனி மெயில் கணக்கைச் சேர்த்தா, மெயில்கள் மைக்ரோசாஃப்ட் கிளவுடோட ஒத்திசையும்னு அவங்களே திரையில சொல்லி அனுமதி கேட்கறாங்க. சிலருக்கு அது வசதியா இருக்கலாம். சரி தப்புன்னு நான் தீர்ப்பு சொல்லலை. ஆனா கடிதம் குடியிருக்கிற இடமே மாறுதுன்னா, படிக்காம "சரி" அமுக்கிறது தப்பு.

என் மச்சான் இருக்கார், "எதுக்கு மாமா இந்த அவஸ்தை? எல்லாத்தையும் வெப்மெயில்ல போட்டுட்டு நிம்மதியா இருங்க"ம்பார். அவரோடதும் பாதிதான் சரி. 2023 டிசம்பர்லேர்ந்து, ரெண்டு வருஷம் தொடாமக் கிடக்கிற சொந்தக் கணக்கை அழிச்சுடுவோம்னு கூகுள் விதி போட்டிருக்கு. செத்துப்போனவங்க தங்கள் கணக்கைத் தொட மாட்டாங்க, இல்லையா? யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பர்ல ஒரேடியா மூடினப்போ என்னாச்சு? மரத்தடி, ராயர் காப்பி கிளப்னு நாம எழுதிப் பழகின இடமெல்லாம் அங்கதான் இருந்துச்சு. நகல் எடுத்து வெச்சவங்ககிட்ட மட்டும்தான் இப்போ எழுத்து இருக்கு.

ஆக, இப்போ அந்த ஜன்னல் வந்தா நான் கேட்கிறது ஒரே கேள்விதான்: "இதைப் போட்ட பிறகும் என் கடிதத்தை நான் நினைச்ச நேரம் வெளியே எடுக்க முடியுமா?" முடியும்னா போடறேன், முகம் எவ்வளவு கோணலா இருந்தாலும். முடியாதுன்னா போட மாட்டேன், முகம் எவ்வளவு அழகா இருந்தாலும். புதுசா பழசாங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

ஒரு விஷயம் சொல்லி முடிச்சுக்கிறேன்.

யூனிகோடுக்கு மாத்தின 171 கடிதத்தையும் அச்செடுத்து, பைண்டு பண்ணி, பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அம்மாகிட்ட கொடுத்தேன். அம்மா கண்ணாடி போட்டுட்டுத் திண்ணையில உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சாங்க. நாலாவது பக்கத்துல நிமிர்ந்து, "இதெல்லாம் எப்போ எழுதினாரு?"ன்னாங்க.

"வாரா வாரம் பிரவுசிங் சென்டர் போவாரேம்மா, அப்போ."

"அங்க போய் பேப்பர் படிச்சுட்டு வர்றேன்னுல்ல சொன்னாரு!"

அதுக்கப்புறம் அம்மா பேசலை. சாயந்திரம் விளக்கு வெச்ச பிறகும் படிச்சுட்டிருந்தாங்க. ஒரு கடிதத்துல, "உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. என்னிடம் சொல்வதில்லை. படி ஏறும்போது பார்த்துத் தெரிந்துகொண்டேன்"னு ஒரு வரி இருக்கு. அந்தப் பக்கத்தை மட்டும் மடிச்சு வெச்சிருக்காங்க.

அந்த முதல் ரெண்டு வருஷக் கடிதத்துல என்னென்ன இருந்துச்சோ.

மக்களே, அப்கிரேட் பண்றதும் பண்ணாததும் உங்க இஷ்டம். இன்னிக்கு ராத்திரி ஒரு நகல் எடுத்து வெச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

பி.கு. 1: சிவகாசி அண்ணனும் இப்போ வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டார். அதை அதே கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல, அதே பிளக் பாயின்ட்ல மாட்டி வெச்சிருக்கார். ஒவ்வொண்ணா திருத்துவோம் :-)

பி.கு. 2: டிஸ்கி: இந்தப் பதிவுல வர்ற தங்கமணியின் வசனங்கள் அவங்க படிச்சுத் திருத்திக் கொடுத்த பிறகே வெளியிடப்படுகின்றன.